இருநூற்றுப் பத்தொன்பதாவது ஆள்

எங்கள் ஊர் ஆல்டூனாவில் "இதெல்லாம் தேவையா?" என்று என்னைக் கேட்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் தேவாலயத்துப் பாதிரியார், இன்னொன்று எங்கள் நாய். போன ஈஸ்டருக்குப் பாதிரியாரும் கேட்டுவிட்டார். இனி நாயை மட்டும்தான் நம்ப வேண்டும்.

விஷயம் இதுதான். 1957இல் ஸ்வீட் டைமண்ட் என்றொரு சூயிங்கம் கம்பெனி, பாக்கெட்டுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை வைத்து விற்றது. மொத்தம் முந்நூற்று அறுபத்து நான்கு கார்டு, முந்நூற்று அறுபத்து நான்கு ஆட்கள். பள்ளிப் பேருந்து பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்த ஆம்புரோஸ் ஹுடாக் ஆகிய நான், அந்த முழு செட்டையும் சேர்த்துவிடுவது என்று 1981இல் இறங்கினேன். முப்பத்தெட்டு வருடத்தில் முந்நூற்று அறுபத்து மூன்று சேர்ந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. எண் 219, க்ளைட் பர்கெட். பெரிய லீக்கில் ஒரே ஒரு பருவம் பந்து வீசிவிட்டுக் காணாமல் போன ஆசாமி.

பெரிய நட்சத்திரங்களின் கார்டுகள் காசு கொடுத்தால் கிடைக்கும். இந்த ஆள் கிடைக்கவே மாட்டேன் என்கிறான். கார்டு விற்பவர்களிடம் கேட்டால், சிலர் அச்சடித்ததே குறைவு என்பார்கள், சிலர் அப்படி ஒரு கார்டே கிடையாது என்பார்கள். கிடையாதாம்! பழைய விலைப் பட்டியல் ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அதன் படத்தை நானே பார்த்திருக்கிறேன். தொப்பியின் நிழலில் முகம் பாதி கறுப்பாக இருக்கும். பின்பக்கத்து விவரங்களையும் அந்தப் பட்டியலில் எழுதியிருந்தார்கள், மனப்பாடமே செய்துவிட்டேன்.

என் ஆல்பத்தில் ஒரு தாளுக்கு ஒன்பது பை. இருபத்தைந்தாம் தாளில், மேல் வரிசையில், வலது மூலையில் ஒரு பை காலி. அந்தத் தாளை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கார்டுச் சந்தை கூடும். அங்கே மேசை போடும் வில்பர் கெல்னர் என் சிநேகிதன், என் சாபமும் அவன்தான்.

"டேய் ஹுடாக், உன் செட்டுல உருப்படியான ஆட்டக்காரன் இருபது பேர் தேறுவான். மிச்சமெல்லாம் ஆட வாய்ப்பே கிடைக்காம பெஞ்சு தேச்சவனுங்க. அந்த இருபதை மட்டும் வாங்கியிருந்தேன்னா எண்பத்திமூணுலயே முடிச்சிட்டு மீன் பிடிக்கப் போயிருக்கலாம்."

"ஒருத்தன் குறைஞ்சாலும் அது செட்டு இல்லடா. குவியல்."

"ஆமா, பெரிய தத்துவம். சூயிங்கம் நாத்தம் அடிக்குற அட்டைக்கு!"

அவனுக்குப் புரியாது. நட்சத்திரத்துக்கும் பெஞ்சு தேய்த்தவனுக்கும் அதே அளவு அட்டை, அதே அளவு பை. எனக்குப் பிடித்ததே அதுதான். முப்பத்து நான்கு வருடம் பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். என் படத்தை யாரும் எதிலும் அச்சடிக்கவில்லை. பெஞ்சு தேய்த்தவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன்.

இதில் என் மனைவி ஓல்காவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அவளுக்குத்தான் எல்லாம் வந்தது. 1986இல் முந்நூறு கார்டு சேர்ந்திருந்த குஷியில் அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்: செட்டு முடிந்த அன்றைக்கே உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன். ஓல்கா கடலையே பார்த்ததில்லை. இங்கிருந்து ஐந்து மணி நேர ஓட்டம்தான். ஆனால் வாக்கு என்பது வாக்கு. இன்னும் ஒரு வருடத்தில் முடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். முப்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது.

நடுவில் 1994இல் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. ஹாரிஸ்பர்க் சந்தையில் ஒரு அம்மாளிடம் 219 இருக்கிறது என்று கேள்விப்பட்டு வண்டியை விரட்டினோம். வழியில் ஓல்கா பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் போனாள். பத்து நிமிடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள், "ஐயோ, அதை வித்துட்டேனே" என்றாள். அந்தப் பத்து நிமிடத்தை நான் இருபத்தைந்து வருடமாக மறக்கவில்லை. ஓல்காவையும் மறக்க விடவில்லை.

இந்த ஏப்ரலில் டாக்டர் அவளுடைய இரண்டு முட்டிக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். ஜூன் மூன்று. அதற்குப் பிறகு மணலில் நடப்பதை ரொம்ப நாளைக்கு மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சமையலறை மேசையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"முட்டியை வெட்டறதுக்கு முன்னாடி நான் கடல்ல கால் வைக்கணும்."

"செட்டு முடிஞ்சதும்..."

"எப்போ முடியும்?"

"தேடிக்கிட்டுதானே இருக்கேன்! சந்தைல கேட்டாச்சு, பத்திரிகைல விளம்பரம் கொடுத்தாச்சு, டெக்சஸ் வரைக்கும் கடுதாசி போட்டாச்சு."

"அந்த ஆள்கிட்ட கேட்டியா?"

"எந்த ஆள்?"

"க்ளைட் பர்கெட்."

"அட்டையில இருக்கிற ஆளையா?" என்றேன்.

"அவன் எந்த ஊரு?" என்றாள்.

"பிறப்பு 1934, ஏப்ரல் 11. ஊர் ஷாமோகின், பென்சில்வேனியா. இடது கை. உயரம்..."

"ஷாமோகின் ரெண்டரை மணி நேரம். அங்க போன் போட்டுப் பார்த்தியா?"

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவர் எடை எனக்குத் தெரியும். எத்தனை பேரை அவுட் ஆக்கினார் என்பது தெரியும். அவர் ஒரு மனிதர், அவர் வீட்டிலும் தொலைபேசி இருக்கும் என்பது மட்டும் முப்பத்தெட்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டுமா? வில்பருக்கும் தோன்றவில்லை, சந்தையில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தோமே தவிர, அந்த ஊருக்குப் போகவில்லை.

ஓல்கா வியாழன்தோறும் தேவாலயத்தில் பெண்களோடு சேர்ந்து பியரோகி பிடிப்பவள். உருளைக்கிழங்கைப் பிசைந்து மாவுக்குள் வைத்து மடித்துக்கொண்டே அந்தப் பெண்கள் பேசுவார்கள் பாருங்கள், போலீசுக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அடுத்த வியாழன் சாயங்காலமே அவள் கையில் முகவரி இருந்தது. யாரோ ஒருத்தியின் நாத்தனாருக்கு மூன்றாவது வீடு.

"உயிரோட இருக்காரு. எண்பத்தஞ்சு வயசு. தனியா இருக்காரு. போன் போட்டேன், சனிக்கிழமை வரச் சொன்னாரு. கார்டுன்னு நான் வாயே திறக்கல, பார்க்கணும்னு மட்டும் சொன்னேன்."

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். ஆல்பத்தைப் பின்சீட்டில் வைத்து அதற்கு சீட் பெல்ட் போட்டேன். எப்போதும் அப்படித்தான். ஓல்கா ஒரு டப்பா பியரோகியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னைக்காவது எனக்கு பெல்ட் போட்டு விட்டிருக்கியா?"

"உனக்குக் கை இருக்கே."

அவள் தன் பெல்ட்டை இழுத்து டக்கென்று மாட்டிக்கொண்டாள்.

க்ளைட் பர்கெட் நெட்டையான ஆள். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கதவைத் திறந்தவர் பியரோகியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். நான் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"219ஆ?"

"ஆமாங்க. ஒண்ணே ஒண்ணு போதும். மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்ல, மடிப்பு இருந்தாலும் பரவாயில்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். மூன்று பெரிய காப்பி டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். எல்லாம் 219. டப்பா நிறைய 219. ஓல்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுநூத்திப் பதினொண்ணு" என்றார் கிழவர். "வெளியில இன்னும் ஒரு பத்து இருக்கும். அதையும் பிடிச்சிடுவேன்."

"எதுக்குங்க?" என்றேன்.

"அதுல இருக்கிற மூஞ்சியப் பாரு தம்பி."

எனக்கு எழுபத்தொரு வயது. தம்பி என்று கூப்பிட இன்னும் ஒருவர் மிச்சம் இருப்பது நல்ல விஷயம்தான். பார்த்தேன். அகலத் தாடை, இடது காதில் ஒரு வெட்டு. எதிரே நிற்கும் ஆளின் தாடையோ ஒடுங்கியது, காது இரண்டும் முழுசு.

"இது நீங்க இல்லையே!"

"உன் புத்தகத்துல 84ஐ எடு."

பத்தாம் தாளைப் புரட்டினேன். 84, ராய் ஸ்டம்ப். அதே தாடை, அதே காது. முப்பத்தெட்டு வருடமாக இவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

"கம்பெனிக்காரன் படத்தை மாத்திப் போட்டுட்டான். ராய் ஸ்டம்ப் என் அறைக்கூட்டாளி. ராத்திரி முழுக்கக் குறட்டை. என் ஷூவைச் சொல்லாம எடுத்துப் போட்டுக்குவான். அந்தப் பயல் மூஞ்சிக்குக் கீழ என் பேரு! கம்பெனிக்கு எழுதினேன், அடுத்த வருஷம் திருத்திடறோம்னான். அடுத்த வருஷம் நான் லீக்குலயே இல்ல."

"அதனால எல்லாத்தையும் வாங்கிட்டீங்களா?" என்றாள் ஓல்கா.

"ஆமா அம்மணி. மொதல்ல கடை கடையா சூயிங்கம் வாங்கினேன். மென்னு மென்னு ரெண்டு கடவாப்பல்லு போச்சு. அப்புறம் சந்தை சந்தையா அலைஞ்சேன். எல்லாத்தையும் பிடிச்சிட்டாத்தான் எனக்கு முடிஞ்ச மாதிரி."

"கொளுத்திப் போட்டிருக்கலாமே."

"என் பேரு இருக்கே அதுல. என் பேரை நானே கொளுத்தறதா?"

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. "ஹாரிஸ்பர்க்ல, தொண்ணூத்தி நாலுல..."

"மஞ்சக் குடை வச்சிருந்த அம்மாகிட்டயா? ஆமா, நான்தான். சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே, வண்டி நிறுத்தற இடத்துலயே வாங்கிட்டேனே."

நான் ஓல்கா பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியமும் இல்லை.

"திறக்கிறதுக்கு முன்னாடியே" என்றாள் ஓல்கா, ரொம்ப நிதானமாக. "கேட்டுச்சா ஆம்புரோஸ்? திறக்கிறதுக்கு முன்னாடியே."

"கேட்டுச்சு."

"இருபத்தஞ்சு வருஷம்."

"தப்புதான் தாயே. கால்ல வேணா விழறேன்."

"வீட்டுக்குப் போய் விழு. இப்போ கார்டைக் கேளு."

கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஒன்றை வெளியே விட்டால் அறுபது வருட உழைப்பு வீண் என்றார். அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டம். எனக்கு ஒன்று குறைகிறது, அவருக்குப் பத்து குறைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், மனப்பாடமாக இருந்ததை ஒப்பித்தேன்.

"பத்தொன்பது ஆட்டம். ரெண்டு வெற்றி, மூணு தோல்வி. அவுட் ஆக்கினது முப்பத்தொரு பேரை. ஆகஸ்ட்ல ஒரே ஆட்டத்துல அடுத்தடுத்து நாலு பேர்."

கிழவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த நாலு பேரு... அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பழைய செய்தித்தாள்ல பார்த்தேன். நூலகத்துல போய்."

"என் சொந்த மகனுக்கே அது தெரியாது." டப்பா ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "எங்க அம்மா இந்தக் கார்டை அடுப்பு மேல இருந்த பலகையில நிறுத்தி வச்சிருந்தா. மூஞ்சி வேறயா இருந்தா என்ன, பேரு உன்னுதுதானேடான்னா. போற வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டினா. அவங்க, உன் பையன் உன் சாடையே இல்லையேன்னுட்டுப் போனாங்க. பதினோரு வருஷம் அந்த ராய் பயல் எங்க வீட்டு அடுப்பு மேல இருந்து என்னைப் பார்த்துச் சிரிச்சான்."

டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். நாலு மூலையும் கூர்மை. மடிப்பு இல்லை, கறை இல்லை. என் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கோ தம்பி. நூலகத்துக்குப் போனியே, அதுக்காக."

எடுத்தேன். இருபத்தைந்தாம் தாளைத் திறந்தேன். மூலைப் பையின் வாயில் கார்டைச் செருகினேன். பாதி உள்ளே போயிற்று. கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பைக்குள்ளிருந்து ராய் ஸ்டம்ப் சிரித்தான். ஏற்கெனவே பத்தாம் தாளில் இருக்கிறவன், இங்கேயும் வந்து காலை நீட்டி உட்காரப் பார்க்கிறான். இப்படி முடித்தால் கார்டு முந்நூற்று அறுபத்து நான்கு வரும், ஆள் முந்நூற்று அறுபத்து மூன்றுதான். குறைகிற ஆளோ எதிரே உட்கார்ந்துகொண்டு, நாங்கள் கொண்டுவந்த பியரோகியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கார்டை வெளியே இழுத்து மேசையில் வைத்தேன்.

"வேண்டாங்க" என்றேன்.

"ஆம்புரோஸ் ஜோசப் ஹுடாக்!"

என் முழுப்பெயரையும் ஓல்கா சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களே ஓடிவிடுவார்கள்.

"எடுடா அதை! முப்பத்தெட்டு வருஷமா சோத்துக்கு முன்னாடி ஜெபம் மாதிரி அந்த நம்பரைத்தானே சொன்னே! அது வெறும் அட்டைன்னு நான் சொன்னப்போல்லாம் என்னோட சண்டை போட்டியே! நீ கீழ வைக்கிறது கார்டு இல்ல, என் கடலு. ஜூன் மூணாம் தேதி என் முட்டியை வெட்டப் போறாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் ஓல்கா. ஆனா இது அவரு இல்லையே. அவரை விட்டுட்டு முடிச்சா அது குவியல்தானே."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கிழவர் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட உங்க படம் ஒண்ணாவது இருக்கா? சீருடையில?"

அவர் எழுந்து போய் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வந்தார். வேலியோரம் ஒரு நெட்டைப் பையன், இடது கையில் பந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். அம்மா எடுத்த படம் என்றார். ஓல்கா அதைப் பைமேல் வைத்துப் பார்த்தாள். படம் சதுரம், பை ஒடுக்கம். அவள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, கத்தரிக்கோலா!" நான் அலறிவிட்டேன். "ஓரம் வெட்டின கார்டைச் சந்தையில மனுஷன் தொடமாட்டான்! அதைவிடப் பாவம் கிடையாது!"

"வாயை மூடு."

"வெட்டுங்க அம்மணி" என்றார் கிழவர். "அந்தப் பக்கம் வேலிதான் இருக்கு."

வெட்டினாள். அவர் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்: 219, க்ளைட் பர்கெட், ஷாமோகின். மூலைப் பையில் நானே நுழைத்தேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கிழவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். இந்தப் பக்கம் 218ஐயும் கீழே 222ஐயும் பார்த்தார்.

"நல்ல ஆளுங்களுக்கு நடுவுல வச்சிருக்கே" என்றார். பிறகு முதல் பியரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து, ஆல்பத்தைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு, வண்டிப் பக்கத்தில் நின்றேன். பல் பிடுங்கிய இடம் மாதிரி உள்ளே வெறுமையாக இருந்தது. வில்பர் இதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். செல்லாது என்பான். முந்நூற்று அறுபத்து மூன்றும் ஒரு போட்டோவும் என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"செட்டு முடிஞ்சுதா, முடியலையா?" ஓல்கா கேட்டாள். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. "நீதான் சொல்லணும். நான் சொன்னா செல்லாது."

ஆல்பத்தை ஒரு தடவை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன்.

"யாரும் குறையல" என்றேன்.

"அப்போ டிக்கியைத் திற."

திறந்தேன். உள்ளே அவளுடைய நீலப் பெட்டி இருந்தது. நான் வைத்ததல்ல. மேலாகத் துண்டு, அதற்குக் கீழே கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த நீச்சல் உடை. கடைக்காரன் கட்டிய விலைச்சீட்டு அப்படியே தொங்கியது, அதில் தேதியும் இருந்தது. 1986இல் வாக்குக் கொடுத்த வாரமே வாங்கியிருக்கிறாள்.

"ஒருவேளை செட்டு முடியாம போயிருந்தா?" என்றேன்.

"இதோட எத்தனை தடவை இந்தப் பெட்டியை டிக்கியில வச்சிருக்கேன்னு நினைக்கிறே? நீ கார்டுன்னு கிளம்பின ஒவ்வொரு தடவையும் வச்சேன். ஹாரிஸ்பர்க்குக்கும் இது வந்துச்சு."

நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முந்நூற்று அறுபத்து மூன்று கார்டின் மூலைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான்.

"அந்த உடுப்பு இப்போ உனக்குப் பத்துமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கைப்பையால் ஒன்று விழுந்தது, சரியான இடத்தில்.

பின்சீட்டின் பெல்ட்டை அவிழ்த்து ஆல்பத்தை எடுத்து டிக்கியில் வைத்தேன். நீலப் பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்துப் போட்டேன். பிறகு முன்பக்கம் போய் ஓல்காவுக்கும் போட்டுவிட்டேன். ஊர் எல்லையில் சாலை பிரிந்தது. மேற்கே வீடு, கிழக்கே கடல். வண்டியைக் கிழக்கே திருப்பினேன்.